பின்னிறக்கையில் ஒரு கறுப்புக் கோடு

1

இது நான் யோசித்து எடுத்த கதையில்லை. சுவிஸில், ஷ்லீரனில் பள்ளிக்கூடம் துடைக்கிற உருத்திரமூர்த்தி சொன்னது. எழுதப்போகிறேன் என்றேன்.

"எழுதுங்கோ அண்ணை. நீங்கள் எழுதுறதை உங்கடை மனிசியே வாசிக்கிறேல்லை."

அவன் தூசு தட்டும் கண்ணாடிப் பெட்டியில் இரண்டு அமெரிக்க வண்ணத்துப்பூச்சிகள். இரண்டும் செம்மஞ்சள். மொனார்க், புழுவாக இருக்கையில் எருக்கலைச் சாதிச் செடியைத் தின்று அந்தப் பாலின் நஞ்சை உடம்பில் வைத்திருக்கும். தின்ற குருவி சத்தியெடுக்கும். பிறகு அந்த நிறத்தைத் தொடாது. மற்றது வைசிராய். வில்லோ இலை தின்று வளர்ந்து, மொனார்க்கின் வேஷத்தில் தப்பித் திரியும். அதன் பின்னிறக்கையில் குறுக்கே ஓடும் கறுப்புக் கோடுதான் வித்தியாசம்.

2

தொடக்கம்: எண்பத்தொன்பதில் அஞ்சாநெஞ்சன் உருத்திரமூர்த்தி — வேண்டாம். பொய்.

அவனைச் சுவிசுக்கு ஏற்றிவிட்ட ஏஜென்சிக்காரன் சொன்னான்: "உன்ரை கேஸ் காணாது தம்பி. வேறை நல்லதாச் சொல்லு."

அகதி விசாரணையில் உருத்திரமூர்த்தி, கூட்டாளி பத்மநாதனுக்கு நடந்ததைத் தனக்கு நடந்ததாகச் சொன்னான். ஆமி முகாமில் பதினொரு நாள், தலைகீழாகக் கட்டியது, மிளகாய்ப் புகை. இங்கே இருக்கவிட்டார்கள்.

இரண்டு வருடத்தில் பத்மநாதனே வந்து அதைச் சொன்னான். ஏற்கெனவே கேட்ட கதை என்று திருப்பி அனுப்பினார்கள். கொழும்பில் இறங்கியவனை அதன்பிறகு ஒருவரும் காணவில்லை.

(குருவி முதலில் வைசிராயைத் தின்று ருசி கண்டால், அடுத்து மொனார்க்கையும் தின்னும். இது என் கண்டுபிடிப்பு.)

3

அடைப்புக்குள் எழுதியது பிழை. வைசிராயும் கசக்குமாம்; ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள். என் உவமை செத்தது. வெட்டாமல் விடுகிறேன், படித்தவர்கள் சிரிக்கட்டும்.

"என்ரை கதை பெரிசில்லை அண்ணை" என்கிறான். தகப்பனையும் தமையனையும் ஒரே கிடங்கு வெட்டித் தாட்டவன். இந்த ஆளை நான் எப்படி நம்புவது?

4

போன ஞாயிறு ஊஸ்டரிலிருந்து பத்மநாதனின் தங்கை ஜெயமலர் உருத்திரமூர்த்தி வீட்டுக்கு வந்தாள்.

"உருத்திரண்ணை, உங்களை நம்பினவங்கள், ஏன் எங்கடை அண்ணையை நம்பேல்லை?"

"தெரியேல்லைப் பிள்ளை."

"அவருக்குக் கதைக்கத் தெரியாது. பயத்திலை உளறியிருப்பார். வடிவாச் சொல்லியிருந்தா இண்டைக்கு இருந்திருப்பார்."

முடிவு ஒன்று: அவன் சொல்லிவிடுகிறான். அவள் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு —

முடிவு இரண்டு: சொல்லவில்லை. அண்ணன்தான் பிழைவிட்டான் என்று நம்பியபடியே அவள் —

இரண்டையும் எழுதி முடிக்க எனக்குத் துணிவில்லை. அவனுக்கும் இல்லை. ஊஸ்டர்ப் பக்கம் போனால் நீங்கள் அவளிடம் சொல்லுங்கள், பத்மநாதன் ஒரு சொல்லும் பிசகாமல்தான் சொன்னான் என்று.

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள்.