நாளைக்கு ஆள் தேவை

நாளை என்ன தேதி என்று உலகத்துக்குச் சொல்வது என் வேலை. பீளமேட்டில், மூன்றாவது மாடியில் இருந்துகொண்டு சொல்கிறேன். சம்பளம் கிடையாது.

அது ஒரு சின்ன லைப்ரரி. புத்தகம் அடுக்கும் லைப்ரரி இல்லை, கம்ப்யூட்டரில் ஓடுகிற நிரல். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் மென்பொருளுக்குள் செருகிக்கொள்ளலாம், காசு வேண்டாம். இன்றைய தேதியைக் கொடுத்தால் நாளைய தேதியைச் சொல்லும். வேறு ஒரு மண்ணும் அதற்குத் தெரியாது. பெயர் 'நாளை'. வங்கி, பஸ், ஆஸ்பத்திரி, பால் பாக்கெட், ராக்கெட் எல்லாவற்றிலும் அதுதான் ஓடுகிறது. சாயங்காலமானால் சமையல் மேடையில் லேப்டாப்பைத் திறந்து ஒரு பொத்தானை அழுத்துவேன். அப்புறம்தான் சூரியன் மறையும்.

இது என்னிடம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். முன்பு அதில் ஜூன் மாதத்துக்கு முப்பத்தொரு நாள் என்று இருந்தது. யாரோ தூக்கக் கலக்கத்தில் எழுதியது. நான் முப்பது என்று திருத்தி அனுப்பினேன். காலையில் எழுந்தால் என் சாவிக்கொத்தில் தெரியாத சாவி ஒன்று தொங்கியது. அதுவரை பார்த்துக்கொண்டிருந்தவர் ஊரைவிட்டே போயிருந்தார். எங்கள் தொழிலில் இதுதான் வழக்கம். எவர் திருத்துகிறாரோ அவர் தலையிலேயே கட்டிவிடுவார்கள். இது எல்லாருக்கும் தெரியும். அதனால் யாரும் திருத்துவதில்லை. புகார் மட்டும் சொல்வார்கள்.

இதில் ஒரே ஒரு சிக்கல். நாளையைக் கொடுப்பவருக்கு நாளை கிடையாது. பொத்தானை அழுத்தியதும் ஊரே வெள்ளிக்கிழமைக்குப் போய்விடும். நான் வியாழக்கிழமையில் நிற்பேன். அப்புறம் அவர்களுக்குச் சனி. எனக்கு வியாழன். இட்லிக்கு மாவு ஆட்டி வைத்தால் புளிப்பதில்லை, புளிப்பதற்கு நாளை வேண்டும். கடைவாய்ப் பல் வலிக்கிறது. டாக்டர் நாளைக்கு வரச் சொன்னார். வலித்துக்கொண்டே இருக்கிறது.

ஒரு வியாழக்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. எனக்கும் ஒரு நாளை வேண்டும், அவ்வளவுதான் என் கோரிக்கை. ஆளை விடுங்கடா சாமி என்று தோன்றியது. ஓர் அட்டையில் எழுதிக் கதவில் மாட்டினேன். 'நாளைக்கு ஆள் தேவை. சம்பளம் இல்லை. அனுபவம் வேண்டாம்.'

மாட்டிவிட்டுத் திரும்புவதற்குள் படிக்கட்டு முழுக்க ஆட்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"உள்ள வாங்க" என்றேன்.

"வேண்டாங்க."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"பாராட்டிட்டுப் போலாம்னு வந்தமுங்க."

ஆளுக்கொரு தங்க நிற நட்சத்திரத்தைக் கதவில் ஒட்டினார்கள். எங்கள் தொழிலில் நட்சத்திரம் ஒட்டுவது பெரிய மரியாதை. கதவு கனத்துப்போய்க் கீல் முனகியது. ஒட்டியவர்கள் கைகூப்பிவிட்டுப் போனார்கள். நட்சத்திரத்தை வைத்து என்ன செய்வது? பொரியலா?

கடைசியில் ஒருவர் மட்டும் நின்றார். கீழ்வீட்டு ஆறுச்சாமி அண்ணன். மாவு மில் வைத்திருக்கிறார்.

"ஏனுங்கம்மணி, எங்கூட்ல மறுபடியும் பிப்ரவரி முப்பதுங்க."

"தெரியுங்கண்ணா."

"மத்தவங்க மெஷினெல்லாம் அந்தத் தப்பைத் தாண்டிப் போயிருது, ஊருக்கெல்லாம் மார்ச்சு ஒண்ணு. எனக்கு மட்டும் முப்பது. மில்லுக்கு ஒரு ஈ காக்கா வர்றதில்லீங்க."

"நீங்களே திருத்திடுங்கண்ணா. ஒரே ஒரு வரிதான்."

அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "அதெல்லாம் நமக்கெதுக்குங்க? சொல்ல வேண்டியது நம்ம கடமைங்க. சொல்லிப்போட்டேன்."

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர்கள் பல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்.

ரவை தீர்ந்திருந்தது. வாங்கப் போகலாம் என்று படியிறங்கினேன். கீழே தெரு இல்லை. ஒரு பெரிய கம்பெனியின் பதினான்காவது மாடி வந்தது. இப்படி நடப்பது உண்டு.

நீளமான நடைபாதை. இரு பக்கமும் கண்ணாடி அறைகள். உள்ளே எல்லாரும் 'நாளை' என்று அச்சடித்த டி-ஷர்ட் போட்டிருந்தார்கள். அந்த டி-ஷர்ட்டை நான் பார்த்ததே இல்லை. எனக்கு ஒன்று தரலாம் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. நிரஞ்சன் என்ற அதிகாரி ஓடி வந்தார். பூனைபோல மெதுவான குரல்.

"மேடம்! உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல" என்றார்.

நடைபாதை ஓர் அறை அளவுக்கு நீண்டது.

"எனக்கு ரெண்டு ஆள் குடுங்க. இந்த லைப்ரரியப் பாத்துக்க."

"உங்களுக்கு நன்றி சொல்றதுக்குன்னே நூறு பேர் வச்சிருக்கோம் மேடம்." இன்னோர் அறை நீண்டது.

"அதுல ரெண்டு பேரக் குடுங்க."

"அவங்க நன்றி சொல்றதுல பிஸி."

"வேலை செய்யறவங்க?"

"நாளைக்கு வருவாங்க."

"நாளைக்கு நான் இருக்க மாட்டேன்."

"புரியுது மேடம். ரொம்ப ஃபீல் பண்றோம்." பையிலிருந்து ஒரு சிவப்பு டேப் சுருளை எடுத்தார். அதில் வரிசையாக 'அநாதை, அநாதை' என்று அச்சடித்திருந்தது. "இன்னைக்கு சூரியன் மறையறதுக்குள்ள ஆள் கிடைக்கலன்னா, உங்க லைப்ரரி அநாதைப் பொருள். அநாதைப் பொருளை நாங்க எடுத்து வளர்ப்போம்."

"எடுத்து?"

"முதல்ல எங்க கஸ்டமருக்கு நாளை. மிச்சம் இருந்தா மத்தவங்களுக்கு."

"மிச்சம் இல்லன்னா?"

"இன்னைக்கே இன்னொரு தடவை குடுப்போம் மேடம். இன்னைக்கும் நல்ல நாள்தானே?"

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. எனக்கு உச்சந்தலைவரை ஏறியது. இன்றையே இன்னொரு தடவை வாழ்வது என்றால் என்ன என்று இந்த ஆளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் ஒருத்தி படுவது போதாதென்று ஊரையே வியாழக்கிழமையில் அடைக்கப் பார்க்கிறார்.

"அது யாருக்கும் சொந்தமில்ல" என்றேன். "எனக்கே சொந்தமில்ல."

"கரெக்ட் மேடம். அதனாலதான் எங்களுக்கு ஈஸி."

"பாத்துடலாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். கண்ணாடி அறைகளில் இருந்தவர்கள் எழுந்து நின்று ஒரே குரலில் நன்றி சொன்னார்கள். வெளியே போகும் கதவு ஒரு புள்ளியாகிவிட்டது. நன்றியால் நீளும் நடைபாதை திட்டினால் சுருங்க வேண்டும். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். குழாயடியில் கற்றது, பஸ்ஸில் கற்றது, எதையும் மிச்சம் வைக்கவில்லை. நாற்பதாவது வசவில் என் வீட்டு வாசல் வந்தது.

சாயங்காலம் பொத்தானை அழுத்தவில்லை. சூரியன் மறைந்தால்தானே நிரஞ்சன் டேப் ஒட்ட முடியும்?

சூரியன் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குமேல் நகரவில்லை. கோயில் மணி அடித்தது, நிறுத்தத் தெரியாமல் அடித்துக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஊர் என் ஹாலுக்குள் இருந்தது. அத்தனை பேருக்கும் இடம் இருந்தது. என் ஹால் அவ்வளவு பெரியது என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

"ஏனுங்க மேடம், கடைசி ட்ரிப்பு முடியவே மாட்டீங்குது" என்று ஒருவர் கத்தினார். காக்கிச் சட்டை, தோளில் பை. பஸ் கண்டக்டர் நாச்சிமுத்து. "எத்தனை தடவைங்க உக்கடம் போறது?"

நிரஞ்சனும் வந்திருந்தார். டேப்பின் நுனியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

எறும்புக்குக் கோடு போடும் சாக்பீஸை எடுத்தேன். ஹால் சுவரில் லைப்ரரி முழுவதையும் எழுதினேன். மொத்தமே பன்னிரண்டு வரிதான். மாதத்துக்கு ஒரு வரி, எதிரே எத்தனை நாள் என்ற எண். சுவரில் எழுதினால் உலகத்திலும் மாறும்.

"நல்லாப் பாத்துக்குங்க. இவ்வளவுதான். யாராச்சும் எடுத்துக்குங்க."

ஹாலில் இருந்த அத்தனை கைகளும் முதுகுக்குப் பின்னால் போயின. கைக்குழந்தைகூடத் தன் கையை ஒளித்துக்கொண்டது. அந்த அமைதியில் டேப் கிர்ரென்று பிரியும் சத்தம் கேட்டது.

ஆத்திரம் என்றால் ஆத்திரம், அப்படி ஓர் ஆத்திரம். ஊரெல்லாம் தின்பார்கள், தட்டைக் கழுவ ஒருவருக்கும் கை இல்லை!

"சரி. எனக்கென்ன வந்துச்சு" என்று சொல்லி மே மாதத்தை அழித்தேன். முப்பது என்று எழுதினேன்.

நாச்சிமுத்து எம்பிப் பார்த்தார். "மேடம், மே மாசத்துக்கு முப்பத்தொண்ணுங்க."

"அப்படிங்களா?"

"எனக்கு அன்னைக்குத்தாங்க ரிட்டயர்மென்ட்டு. ஆர்டர்ல போட்டிருக்குது."

"அந்த நாள் இனி இல்லீங்க."

"அப்ப நானு?"

"டிக்கெட் கிழிச்சிக்கிட்டே இருங்க."

அவர் முகத்தில் வியர்த்தது. என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பின்னால் இருந்த கை தானாக முன்னால் வந்தது. சாக்பீஸைப் பிடுங்கி முப்பத்தொன்று என்று எழுதினார். எழுதி முடித்ததும் அவர் தோள்பைக்குள் ஒரு சாவி விழுந்த சத்தம் கேட்டது.

"அடக் கெரகமே! மாட்டிக்கிட்டனே!" என்றார்.

"மே மாசம் உங்களது" என்றேன். "அடுத்தது யாரு?"

ஜனவரிக்குப் பன்னிரண்டு நாள் என்று எழுதினேன். பொங்கல் போய்விட்டது. ஹாலில் ஒரே கூச்சல். கூட்டத்தைப் பிளந்துகொண்டு கருணாம்பிகை டீச்சர் வந்தார். மாநகராட்சிப் பள்ளியில் கணக்கு எடுப்பவர். "தப்பப் பாத்துட்டு கையக் கட்டிட்டு நிக்க என்னால ஆகாது. தள்ளு" என்றார். ஜனவரியைத் திருத்திவிட்டு, என் எழுத்து கோணலாக இருக்கிறது என்று ஒரு குட்டு வைத்தார். வாங்கிக்கொண்டேன். அக்டோபரைப் பத்து நாளோடு முடித்தேன். தீபாவளிச் சரக்கு இறக்கியிருந்த ஜவுளிக்கடைக்காரர்கள் மூன்று பேர் ஒரே சாக்பீஸுக்கு அடித்துக்கொண்டார்கள். ஆவணி முகூர்த்தம் இருக்கிற ஆகஸ்டை ஒரு கல்யாண வீடே வந்து எடுத்துக்கொண்டது. அப்புறம் நான் கெடுக்கவே வேண்டியிருக்கவில்லை. கிட்டப் போனாலே பாய்ந்து வந்தார்கள். டங், டங் என்று சாவி விழுந்துகொண்டிருந்தது.

பிப்ரவரி மட்டும் பாக்கி. அதைக் கெடுக்க வேண்டாம், அது ஏற்கெனவே கெட்டிருந்தது. முப்பதை அழித்து இருபத்தெட்டு என்று எழுதப் போனேன்.

"அம்மணி, அம்மணி! அதுல கை வெக்காதீங்க." ஆறுச்சாமி அண்ணன்.

"நீங்கதானுங்கண்ணா புகார் சொன்னீங்க?"

"சொன்னனுங்க. ஆனா..." குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்கு மில்லு ஓடாது. செல்போன் அடிக்காது. நானும் எங்கூட்டம்மாவும் சும்மா உக்காந்து தாயம் ஆடுவமுங்க. வேற எந்த நாள்லீங்க எங்களுக்கு அப்படி வாய்க்குது?"

சாக்பீஸை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினார். முப்பது என்று பெரிதாக எழுதினார். கீழே ஒரு கோடு வேறு போட்டார்.

அது தப்பு. எல்.கே.ஜி. பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். என் விரல் நுனி அரித்தது. இத்தனை காலம் பார்த்துப் பார்த்து வைத்திருந்த பொருள், அதில் என் கண்ணெதிரே ஒரு தப்பைக் கோடு போட்டு வைக்கிறார்.

நிரஞ்சன் என் காதருகே வந்தார். "தப்பா இருக்கே மேடம். ஒரே ஒரு எண்தானே. நீங்களே திருத்திடலாமே?"

அவருக்கு வழக்கம் தெரியும். கைமாறிய மாதத்தை நான் தொட்டால் எல்லாச் சாவியும் என் கொத்துக்குத் திரும்பி வந்துவிடும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். இறுக்கி, மணிக்கட்டு வலிக்கும்படி கட்டிக்கொண்டேன்.

"இருக்கட்டும்" என்றேன். "அது அவரு மாசம்."

நிரஞ்சன் டேப்பை ஒட்ட இடம் தேடினார். பன்னிரண்டு வரிகளிலும் யாரோ ஒருவர் கை இருந்தது. கொஞ்ச நேரம் தேடிவிட்டு, சுருளை மறுபடி சுற்றத் தொடங்கினார்.

பொத்தானை யார் அழுத்துவது என்று சண்டை வந்தது. டீச்சர் வரிசையில் நிற்கச் சொன்னார். ஒருவரும் நிற்கவில்லை. எல்லாரும் சேர்ந்து அழுத்தினார்கள். சூரியன் தொட்டிக்குப் பின்னால் தொப்பென்று விழுந்தது. இத்தனை நடந்தும் ஒருவரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே கஷ்டமாக இருந்தது. பாயை விரித்துப் படுத்துவிட்டேன்.

விடிந்தது. அது வியாழக்கிழமை இல்லை. வெளிச்சம் வேறு மாதிரி இருந்தது, காக்காய்கூட வேறு காக்காய். ஹாலில் அவர்கள் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள். மார்ச்சை எங்கிருந்து தொடங்குவது என்று பேச்சு.

வாசலில் நிரஞ்சன் மூச்சிரைக்க நின்றார். பின்னால் டி-ஷர்ட் போட்டவர்கள் படிக்கட்டு முழுக்க.

"மேடம், எங்க சிஸ்டம் எல்லாம் கேக்குது. இன்னைக்கு என்ன தேதி?"

"தெரியாதுங்க."

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது." அந்தச் சொல் வாயில் வெல்லமாக இருந்தது. இன்னொரு தடவை சொன்னேன். "எனக்குத் தெரியவே தெரியாது."

"மேடம், நீங்கதானே நாளை?"

"நான் சௌடேஸ்வரி."

அவருக்கு அந்தப் பெயர் புதிதாக இருந்தது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு, படிக்கட்டில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன்.