பிடி அரிசிப் பானை

கோவில்பட்டிக்குக் கிழக்கே உள்ள அந்தக் கரிசல் ஊரில் மழை பெய்தால் தீப்பெட்டி ஆபீசுக்கு நஷ்டம், பெய்யாவிட்டால் எபநேசருக்கு நஷ்டம். அந்த வருஷம் வானம் தீப்பெட்டி ஆபீஸ் பக்கம் சாய்ந்துவிட்டது. எபநேசர் ஏரைச் சுவரில் சாத்திவிட்டு உலை வைக்கப் பழகினார். அவர் பெண்டாட்டி வேதமணி விடியுமுன்னே குச்சி அடுக்கக் கிளம்பினாள். அடைமழைக்கு முன்னால் வடக்கே சரக்கு ஏறியாக வேண்டும் என்று கணக்குப்பிள்ளை கழுத்தில் துண்டைப் போட்டு இழுக்காத குறை.

வேதமணிக்கு ஒரு வைராக்கியம் உண்டு. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி அள்ளிப் பரண்மேல் இருக்கும் பானையில் போட்டுவிடுவாள். கம்பு இடிக்கிற நாளில் கம்பு. ஊரில் வேதக்கார, அதாவது கிறிஸ்தவப் பெண்கள் எல்லாருக்கும் உள்ள வழக்கம்தான். வருஷத்துக்கு ஒருநாள் கோவில் அசன விருந்துக்கு எல்லா வீட்டுப் பானையும் ஒன்றாகக் கொட்டப்படும். இருப்பவன் இல்லாதவன் எல்லாரும் ஒரே பந்தியில் சாப்பிடுவார்கள். தின்ற மிச்சத்தைக் கொடுப்பது காணிக்கை இல்லை, பசிக்கு முன்னால் எடுத்து வைப்பதுதான் காணிக்கை என்பது அவள் கட்சி. எபநேசரோ அசனச் சோற்றுக்கு மட்டும் கோவில் வாசலை மிதிக்கிற ஆள். "சாமி என்னட்டி, அரிசியா திங்கப் போவுது?" என்று சிரிப்பார்.

போன அசனத்தில் பானையைக் கொட்டிக் கவிழ்த்த மறுவாரமே அடுப்பு அந்தக் கேலிக்காரர் கைக்குப் போனது. பிடி அரிசியைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தாள். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டாள். பிறகு அந்த நினைப்பே போய்விட்டது. விரல் குச்சியை அடுக்கியது. படுத்தால் கனவிலும் குச்சியைத்தான் அடுக்கினாள்.

இதற்கிடையில் வீட்டில் அரிசி நிற்கவில்லை. வாங்கிப் போட்டால் வாரம் தாங்காது.

"இஞ்சாருங்க, அரிசி எங்கன போவுது? பீடிக்குப் போட்டு மாத்துதீங்களோ?"

"வீட்டுல எலி இருக்குட்டி."

"ஆமா, ரெண்டு காலு எலி!"

எபநேசர் அடுப்பை ஊதினார். சம்பாதிக்கிற வாய் கொஞ்சம் நீளத்தான் செய்யும். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று சனிக்கிழமை. பக்கத்தில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்த ஆவுடைத்தாய் சாதாரணமாகத்தான் கேட்டாள். "நாளைக்கு உங்க கோவில்ல அசனம்லா?"

வேதமணிக்குக் கை நின்றுவிட்டது. இத்தனை மாசமாக ஒரு பிடி வைக்கவில்லையே! பஞ்சத்திலும் நிறுத்தாததை இந்தக் குச்சி நிறுத்திவிட்டதே என்று கண் கலங்கியது.

விஷயம் தெரிந்ததும் ஆவுடைத்தாய் சிரித்தாள். "இதுக்கா அழுத? போற வழியில கடையில வாங்கிப் பானையில தட்டிரு. மோந்தா பாக்கப் போறாவ?"

சம்பளம் முந்தானையில்தான் முடிந்திருந்தது. கடை வாசலில் வேதமணி நின்றாள். மூட்டையில் வெள்ளை வெளேரென்று அரிசி. யாருக்கும் தெரியாதுதான். ஆனால் நாளைக்குப் பந்தியில் அந்தச் சோறு அவள் தொண்டையில் இறங்குமா? அப்படியே நடையைக் கட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் உரல்மேல் ஏறினாள்.

"எதுக்குட்டி ஏறுத?"

"அந்தப் பானை வேணும். வெறும் பானையத்தான் நாளைக்குக் கொண்டு போறேன். கேட்டா, மறந்துட்டேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லுதேன். கடை அரிசியப் போட்டு ஏமாத்த மாட்டேன்."

பானையைப் பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை.

மூடியிருந்த தட்டை விலக்கிக் கையை விட்டாள். கழுத்துவரை அரிசி. மேலே புழுங்கல், கையை அமுக்கினால் ரேஷன் பச்சரிசி, அதற்கும் கீழே கம்பு. வீட்டில் என்றென்று என்ன பொங்கியதோ, அது அந்த வரிசையிலேயே கிடந்தது. பானையைப் போலவே அவளுக்குக் கண்ணும் நிறைந்துவிட்டது.

"சொல்லப்படாதா? நான் என்னவெல்லாம் பேசினேன்!"

எபநேசர் கையைப் பார்த்துக்கொண்டார். கலப்பை பிடித்துக் காய்த்த பெரிய கை. "உன் கை சின்னது. என் கையில ஒரு பிடின்னா இம்புட்டு வருது. அதான் வீட்டுக்குக் காணல."

"சாமி அரிசி திங்காதுன்னீங்களே?"

"சாமி திங்காது. நீ வச்சிக்கிட்டிருந்தத நான் எப்படி நிப்பாட்ட? உன்னைத்தான் ஆபீசு அள்ளிக்கிட்டுப் போயிட்டு. நீ திரும்பி வாரப்ப இது இருக்கணும்லா."

வேதமணி உரலைவிட்டு இறங்கி அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கையில் அடுப்புப் புகை மணத்தது.

மறுநாள் பானையை அவளால் தூக்க முடியவில்லை. எபநேசர் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அவர் கோவில் வாசலை மிதித்தபோது அசனச் சோற்றுக்கு இன்னும் நேரம் கிடந்தது. அப்போதுதான் ஆராதனைக்கு முதல் மணி அடித்தது.