வியாழக்கிழமை, இரண்டு மணி

கைப்பிடி மண்ணைக் குழிக்குள் போட்டுவிட்டு, விரல்களைத் தட்டிக்கொண்டே கலிரோய் கேட்டாள்: "மணி என்னடி ஆச்சு?"

பாதிரியார் கடைசி வரியை இன்னும் பாடி முடிக்கவில்லை. மகள் மிர்சினிக்கு முகம் சுட்டது. "பன்னெண்டேகால்," என்று முணுமுணுத்தாள்.

"அப்ப நேரம் இருக்கு."

எதற்கு நேரம் என்று மிர்சினிக்குத் தெரியும். செவ்வாய் காலை அப்பா பன்டெலிஸ் சவரம் செய்துகொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். வியாழன் பதினொரு மணிக்கு அடக்கம் என்று முடிவானது. அதே வியாழன் இரண்டு மணிக்குத்தான், ஆறு வருஷம் கடிதம் எழுதி எழுதி அவர் வாங்கிய அனுமதி இருந்தது. அருங்காட்சியகத்தில் ஒரு பளிங்குச் சிலையைக் கையால் தொட்டுப் பார்க்க நாற்பது நிமிடம்.

பன்டெலிஸுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. டெலிபோன் நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை. ஞாயிறுதோறும் பார்வையற்றவர்களுக்கான சின்னக் கூடமொன்றில், பழைய சிலைகளின் பிளாஸ்டர் நகல்களைத் தொடவைத்து விளக்குவார். பத்தொன்பது வயதில் பார்வை போன கலிரோயை அங்கேதான் சந்தித்தார். இருவர் கையும் ஒரே சிலையின் மூக்கில் முட்டிக்கொண்டதாம். "மூக்க அவருக்கு விட்டுக்குடுத்தேன், மனுஷன் என் கைய விடல," என்பாள்.

ஆனால் நகல் அவருக்கு ஒருநாளும் போதவில்லை. "அது போட்டோ மாதிரிம்மா. போட்டோவ வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று மகளிடம் சொல்வார். கடையில் ஒவ்வொரு தக்காளியையும், பள்ளியில் ஆசிரியை முகத்தையும் அப்பா தடவிப் பார்த்தபோது கூசி ஒதுங்கி நின்றவள் மிர்சினி.

கல்லறைத் தோட்டத்துக் கூடத்தில் வழக்கப்படி காப்பியும் பிராந்தியும் வந்தன. கலிரோய் காப்பியை மட்டும் குடித்துவிட்டு எழுந்து கோட்டைத் தேடினாள்.

"எங்க கெளம்பிட்ட?" என்றாள் அத்தை ஸ்டமாத்தா, பன்டெலிஸின் அக்கா.

"மியூசியத்துக்கு."

"புத்தி கலங்கிப்போச்சா? குழி மண்ணு இன்னும் காயல. துக்கச் சாப்பாட்டு மீன் சூப்புக்கு இருபது பேரு உக்காந்திருக்காங்க. ஊரே பாக்கும்!"

"பாக்கட்டும். நான் பாக்கப்போறதில்ல."

"செத்தவனுக்கு மரியாத வேணாமா?"

"ஆறு வருஷம் அவரு ஒவ்வொரு ஆபீஸ் வாசல்லயும் நின்னாரு. அந்த மரியாதைய அன்னிக்குக் குடுத்திருக்கலாம்."

கூடமே மிர்சினியைப் பார்த்தது, அவளாவது தடுப்பாள் என்று. அவள் கார்ச் சாவியை எடுத்தாள்.

அருங்காட்சியகத்தில் சிலைகளைப் பராமரிக்கும் பெண் அனுமதிக் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். "ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். ஆனா அனுமதி அவர் பேர்ல இருக்கு. நீங்க உங்க பேர்ல புதுசா எழுதிக் குடுங்க."

"இன்னொரு ஆறு வருஷமா? எத்தன பேருன்னு போட்டிருக்கு, படிங்க."

"விண்ணப்பதாரர். துணைக்கு ஒருத்தர்."

"அந்தத் துணை நான்தான். அவரால வர முடியல."

அந்தப் பெண் கடிதத்தை மடித்தாள். கதவைத் திறந்துவிட்டாள்.

உள்ளே ஒரு கல் இளைஞன், ஆளுயரம், ஒரு காலை முன்வைத்து நின்றான். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன் எவர் வீட்டிலோ செத்துப்போன பிள்ளையின் கல்லறைமேல் நின்றவன். பராமரிப்பாளர் ஒரு ஜோடி ரப்பர் உறையை நீட்டினாள். கலிரோய் மாட்டிக்கொண்டு சிலையின் காலைத் தொட்டாள். உடனே கழற்றினாள்.

"இது ரப்பர். ரப்பர் எங்க வீட்டுப் பாத்திரம் கழுவுற எடத்துலயே கெடக்கு."

"விதி மேடம். கை எண்ணெ பட்டா கல்லு கெட்டுரும்."

"சோப்புப் போட்டு மூணு தடவ கழுவிட்டு வரேன். அதுக்கு முன்னாடி என் கையப் புடிங்க."

பராமரிப்பாளரின் கையிலும் உறை இருந்தது. தயங்கிப் பிடித்தாள்.

"என் கை சூடா இருக்கா, ஜில்லுன்னு இருக்கா? சொல்லுங்க."

அவளால் சொல்ல முடியவில்லை. கையை விட்டாள். "கழுவுற எடம் இடது பக்கம்," என்றாள். கலிரோய் கழுவித் துடைத்துவிட்டுத் திரும்பியபோது அவள் ஜன்னலோரம் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கலிரோய் பாதத்திலிருந்து தொடங்கினாள். துக்க உடையோடு தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு கால்விரலாக. "ஐயோ, என்ன குளிரு," என்றாள். பிறகு முழங்கால், தொடை, வயிறு. "முழங்கால நல்லாப் பண்ணியிருக்கான். காதுதான் மோசம், நத்த மாதிரி சுருட்டி வெச்சிருக்கான்." மிர்சினிக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு நாளில் முதல் சிரிப்பு.

"முதுகுப் பக்கம் போகணும். கூட்டிட்டுப் போ."

ஞாயிற்றுக்கிழமைக் கூடத்திலிருந்த இதே சிலையின் நகல் சுவரோடு ஒட்டி நின்றது. இத்தனை வருஷமும் பன்டெலிஸ் கேட்டதெல்லாம் அந்த முதுகைத்தான். மிர்சினி அம்மாவைப் பின்னால் கொண்டுபோய் விட்டுவிட்டு முன்பக்கம் வந்தாள்.

"முடிய மணி மணியாக் கோத்து விட்டிருக்கான்," என்று குரல் வந்தது. "பதினாலு சடை. கீழ உளி பட்ட தடம் அப்படியே இருக்கு. சொன்னாரே மனுஷன், இருக்கும்னு."

சுவர்க் கடிகாரம் இரண்டு ஐம்பது காட்டியது; நாற்பது நிமிடம் தாண்டிவிட்டது. பராமரிப்பாளர் திரும்பி வாயைத் திறந்தாள். மிர்சினி அவளைப் பார்த்தாள். அந்தப் பெண் கதவருகே போய், வெளியே நின்ற காவலரிடம் ஏதோ சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அம்மாவின் முகம் தெரியவில்லை. கல் இளைஞனின் விலாவைச் சுற்றி முன்னால் வந்த பத்து விரல்கள் மட்டும் தெரிந்தன. அவை அசையவில்லை.