மூணே முக்கால் மெசேஜ்

அண்ணன் கார்டைக் கேட்டபோது அவள் அம்மாவின் பாதங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் முகத்தைத் துடைத்திருந்தார்கள், கைகளைத் துடைத்திருந்தார்கள். பாதங்களை யாரும் கண்டுகொள்ளவில்லை. குதிகால் வெடிப்புக்குள் ரோட்டுப் புழுதி கறுப்பாக இறங்கியிருந்தது. துணியை மூன்று தடவை அலசியும் அது போகவில்லை.

"சுடுகாட்டு வேன்காரன் மெஷின் வச்சிருக்கான். உன் கார்டைக் குடு, தேய்ச்சிட்டு வந்துடறேன்."

"வேண்டாம். பணமா குடுத்துடலாம்."

"ஏன், நூத்துக்கு அஞ்சு திரும்பி வருமே."

"வேனுக்கெல்லாம் வராது. பெரிய கடையில வாங்கினாத்தான்" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான், எங்கே உட்கார்ந்துகொண்டு என்ன பேசுகிறோம் என்று உறைத்தது.

"தெரியும். அங்க நடந்துதான இப்படிப் படுத்திருக்காங்க" என்றான் அண்ணன்.

அண்ணி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வாடகை நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மின்விசிறியைப் பார்த்தார்கள். அவள் துணியை மறுபடி அலசினாள். திருப்பிக் கொடுக்க நாலு வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. அம்மா வீட்டுக்கு ஒரு கிலோ அரிசி வாங்கிப் போட்டு எத்தனை வருஷம் ஆகிறது என்று இந்த லாரி மெக்கானிக்கைக் கேட்டிருக்கலாம். ஆனால் ராத்திரியெல்லாம் அவள் தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருந்ததைத்தான் அவனும் சொன்னான். அதற்கு மேல் கோபப்படத் தெம்பில்லை.

நேற்று நடந்தது இவ்வளவுதான். பெரிய கடையிலிருந்து பையோடு திரும்பிய அம்மா, பஸ் டிப்போ வளைவில் நிழலுக்காக மதிலோரம் ஒதுங்கி, அப்படியே சரிந்துவிட்டாள். யாரோ தூக்கி உட்கார வைத்து, அம்மாவின் போனில் முதலில் இருந்த நம்பருக்கு அடித்திருக்கிறார்கள். அது அவளுடைய நம்பர். அவள் எடுக்கவில்லை.

எடுக்க முடியாது. அவள் வேலை பார்ப்பது இன்சூரன்ஸ் ஆபீஸில். நோயாளிகள் அனுப்பும் ஆஸ்பத்திரி பில்லை வரி வரியாகப் படித்து, எதற்கெல்லாம் பணம் திரும்பக் கிடைக்காதோ அதையெல்லாம் கோடு போட்டு அடிப்பாள். பஞ்சு கிடையாது. கையுறை கிடையாது. ஊசி போட்ட இடத்தில் ஒட்டிய பிளாஸ்திரி கிடையாது. போனை வாசலில் உள்ள இரும்பு லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மதியச் சாப்பாடுகூட உள்ளேயே. மூணே முக்காலுக்கு டீ குடிக்க வெளியே விடும் பதினைந்து நிமிஷம்தான் போன் கையில் இருக்கும். நேற்றும் எடுத்துப் பார்த்தாள். அம்மாவின் கார்டில் பெரிய கடையில் சாமான் வாங்கியதாக பேங்கிலிருந்து மெசேஜ் வந்திருந்தது. மூன்று நாற்பத்திரண்டுக்கு. 'ம், சரி' என்று போனை உள்ளே வைத்துப் பூட்டினாள். நாலேகாலுக்கு மேல் அது ஏழு தடவை அந்த இரும்புப் பெட்டிக்குள் கிடந்து அதிர்ந்திருக்கிறது. ஆறு மணிக்கு அவள் வெளியே வந்தபோது, ஆஸ்பத்திரியில் அண்ணன் உடலை வாங்கிக்கொள்ளக் கையெழுத்தே போட்டு முடித்திருந்தான்.

கார்டு வந்து இரண்டரை வருஷம் ஆகிறது. ஹோட்டல் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் வெள்ளை விரிப்பு துவைத்த அம்மா, சம்பளம் வாங்கப் போனால் பேங்க் வாசலில் காவல்காரர் சொல்லும் இடத்தில்தான் நின்றிருக்கிறாள். அதே பேங்க், மகள் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் வீடு தேடிக் கார்டு அனுப்பியது. அம்மா பெயருக்கும் கூடவே ஒன்று. பெரிய கடையில் வாங்கினால் நூற்றுக்கு ஐந்து கேஷ்பேக். இத்தனை வருஷம் நாம்தான் எல்லாக் கடைக்கும் கொடுத்துக்கொண்டிருந்தோம், இனி அவன் கொடுக்கட்டும் என்று மகளுக்கு வெறி மாதிரி பிடித்துக்கொண்டது. உப்பிலிருந்து துடைப்பம் வரைக்கும் கார்டில்தான் என்று சட்டம் போட்டாள். திரும்பி வருவதைச் சேர்த்து வைத்து அம்மாவுக்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்க வேண்டும் என்று கணக்கு. இன்னும் நாலு மாதத்தில் வாங்கியிருக்கலாம்.

அம்மா கார்டுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாள். "உங்கப்பன் வாங்கினதோட சரி. இந்த மாப்பிள்ளையாவது மாசம் தவறாம ஏதோ திருப்பித் தராரு" என்பாள். பின் நம்பர் மறந்துபோகும் என்று பயந்தாள். மகள் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோது பார்சல் மேலெல்லாம் எழுதிய ரூம் எண்ணையே வைத்த பிறகு ஒருநாளும் தப்பவில்லை. இரண்டு ஒன்று நாலு, முன்னால் ஒரு சைபர்.

சிக்கல் தெருமுனைக் கடையால்தான் வந்தது. வீட்டிலிருந்து நாலாவது கதவு. தடிக் கண்ணாடி போட்ட கடைக்காரம்மாவை அம்மா சோடாபுட்டி என்றும், கடைக்காரம்மா அம்மாவை வெள்ளாவி என்றும் கூப்பிட்டுக்கொள்வார்கள். பெரிய கடைக்கு அம்மாவின் முட்டிவலியோடு அரைமணி நடக்க வேண்டும். "எங்கிட்ட மெஷின் இல்ல. உங்கம்மாவுக்கு அந்த அஞ்சை நீயே குடேன், கால் மிச்சம்" என்று கடைக்காரம்மா நாலு பேர் முன்னால் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் சிரிக்கவில்லை. எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்றுதானே இருபது வருஷமாக ஒன்றும் இரண்டுமாக ஏற்றி விற்றீர்கள் என்று கேட்டாள். அம்மாவையும் இனி அந்தக் கடைப் படி மிதிக்கக் கூடாது என்றாள். அம்மா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. செருப்பு காலடியிலேயே கிடந்தது.

தெருவில் எல்லாரும் வந்துவிட்டார்கள். கடைக்காரம்மா மட்டும் வரவில்லை.

பதினோரு மணிக்கு இறப்புப் பதிவுக்கு அம்மாவின் அடையாள அட்டை வேண்டும் என்று அண்ணன் வந்து நின்றான். ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில்தான் இருக்கும். பெரிய கடையின் மஞ்சள் பை. நேற்றிலிருந்து கட்டிலுக்கு அடியில் கிடந்ததை இழுத்துத் தரையில் கொட்டினாள்.

குழந்தைகளுக்குக் கட்டும் டயப்பர் ஒரு கட்டு. சவர பிளேடு. பூனைத் தீனி. அம்மாவின் சின்னத் துணிப்பை, அதற்குள் அட்டையும் கார்டும்.

அண்ணன் டயப்பரை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "யாருக்குடி இது?"

பதில் வாசலிலிருந்து வந்தது. மாடி வீட்டுப் பெண், இடுப்பில் குழந்தையோடு, எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"அக்கா, இந்த நேரத்துல கேக்கக் கூடாது. அது எனக்கு வாங்கினது." கைக்குள் சுருட்டி வைத்திருந்த பணத்தை நீட்டினாள். "பிளேடு கீழ் வீட்டு டிரைவர் அண்ணனுக்கு. பூனைத் தீனி டீச்சருக்கு. என்ன வேணும்னு காலையிலேயே வந்து கேட்டுட்டுப் போவாங்க. பொருள் வந்ததும் நாங்க பணமா குடுத்துடுவோம்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும். கார்டுல போட்டா உங்களுக்கு ஏதோ திரும்பி வருமாமே. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாங்க."

அவள் டயப்பர் கட்டைக் கொடுத்தாள். பணத்தை வாங்கிக்கொண்டாள். குழந்தை பிளேடைக் காட்டிக் கை நீட்டியது.

"அப்போ நம்ம வீட்டுச் சாமானுக்குக்கூட இல்ல. ஊர்ச் சாமான் சுமந்திருக்காங்க" என்றான் அண்ணன். இந்தத் தடவை அவன் குரலில் குத்தல் இல்லை. அயர்ச்சிதான் இருந்தது. அட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கையில் அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் அவள் சமையலறைக்குள் போனாள். ஏழு மணிக்குக் கிளம்பி எட்டு மணிக்குத் திரும்புகிறவளுக்கு அந்த அறையில் தட்டு இருக்கும் இடம் மட்டும்தான் தெரியும். மேல்தட்டில் இருந்த டப்பாக்களைத் திறந்தாள். பெரிய கடையில் எல்லாம் பளபளக்கும் பாக்கெட்டில் வரும். இங்கே பருப்பு, சர்க்கரை, மிளகு எல்லாம் பழைய பேப்பரில் மடித்து, நூல் சுற்றி இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் பென்சிலில் விலை. இரண்டைத் தண்ணீரில் மிதக்கும் வாத்து மாதிரி எழுதும் கடைக்காரம்மாவின் கையெழுத்து அவளுக்கு ஆறு வயதிலிருந்து தெரியும். ஒரு சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்தாள். நூல் இன்னும் அவிழ்க்கவில்லை.

வேன் இரண்டு மணிக்கு வந்தது. அண்ணன் தன் பாக்கெட்டிலிருந்து பணமாக எண்ணிக் கொடுத்தான். நாலு பேர் தூக்கினார்கள். அம்மா கனமே இல்லை என்று கீழ் வீட்டு டிரைவர் அண்ணன் யாரிடமோ சொன்னார். வேன் தெருமுனையில் திரும்பியபோது கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அதற்குக் கீழே முழங்காலுக்கு அடியில் மட்டும் ஒரு உருவம். ரப்பர் செருப்பு, வீங்கின கணுக்கால். வேன் தாண்டுகிற வரைக்கும் அது நகரவில்லை.

எல்லாம் முடிந்து திரும்ப ஐந்தரை ஆயிற்று. நாற்காலிக்காரர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அண்ணி டீ போடலாமா என்று கேட்டாள். பால் இல்லை. நான் வாங்கிட்டு வரேன் என்று அவள் கிளம்பினாள். மாடி வீட்டுப் பெண் கொடுத்த பணம் இன்னும் கைக்குள்ளேயே இருந்தது, ஈரமாக.

ஷட்டர் ஏறியிருந்தது. கடைக்காரம்மா தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

"பால் வேணும்." பணத்தைக் கல்லா மேல் வைத்தாள். "ஏன் அத்தை வரல?"

அத்தை என்று கூப்பிட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கடைக்காரம்மா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டாள்.

"நீ படி மிதிக்கக் கூடாதுன்னியே. எனக்கும் சேர்த்துன்னு நெனச்சேன்."

அவள் பணத்தை இன்னும் கொஞ்சம் உள்பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

"நேத்து அம்மா இங்க வந்தாங்களா?"

"எந்த நாள்தான் வரல. ஒன்னரைக்கு வந்தா."

"காலையிலேயே அந்தக் கடைக்குப் போயிருந்தா டிப்போ பக்கம் நிழல் இருந்திருக்கும்." ஆபீஸில் பேசுகிற மாதிரி பேசினாள். "இல்ல, அஞ்சு மணிக்கு மேல போயிருக்கலாம். மூணு மணி வெயில்ல எதுக்குக் கிளம்பணும்?"

கடைக்காரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். தெரியாதா என்பது போல.

"நானும் தினம் சொல்லுவேன். கேக்க மாட்டா. மூணே முக்காலுக்குத்தான் எம்பொண்ணு கையில போன் இருக்கும், அப்ப நம்ம மெசேஜ் மேல நிக்கணும்டி சோடாபுட்டி, அப்புறம் போனைப் பூட்டிடுவாங்கன்னுவா. சாமான் பொறுக்கி எடுத்து வச்சிட்டு, அங்க பில் போடற பொண்ணுகிட்ட மணி கேட்டுட்டு நிப்பாளாம்." தராசுத் தட்டைக் கீழே வைத்தாள். "மெசேஜைப் பாத்ததும் நீ கூப்பிடுவியாமே."

முதல் மாதம் கூப்பிட்டாள். என்ன வாங்கினே, எவ்வளவுக்கு வாங்கினே என்று விசாரிக்க. அப்புறம் கணக்கு சரியாக இருந்ததால் கூப்பிடவில்லை.

"ம்" என்றாள்.

"உள்ள வா. பால் வண்டி வர பத்து நிமிஷம் ஆகும்."

கல்லாவின் பலகையைத் தூக்கி வழி விட்டாள். உள்ளே, அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பழைய எண்ணெய் டின் கவிழ்த்து வைத்திருந்தது. அதன் மேல் சாம்பல் நிறப் போர்வையை நாலாக மடித்துத் தைத்துப் போட்டிருந்தார்கள். ஓரத்தில், துவைத்துத் துவைத்து வெளுத்த மையில் 214. ஹாஸ்டலிலிருந்து வந்ததும் அந்தப் போர்வையை அவள் வீடெல்லாம் தேடினாள். கிழிஞ்சு போச்சு, போட்டுட்டேன் என்றாள் அம்மா.

அவள் உட்கார்ந்தாள். டின் ஒரு பக்கம் லேசாக அமுங்கியிருந்தது. வலது பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால்தான் ஆடாமல் நின்றது.

யாரோ வெளியே சோப்பு கேட்டார்கள். கடைக்காரம்மா எழுந்தாள். போகிற போக்கில், பார்க்காமலே, மேசை விசிறியை டின் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.