ஸ்டூடியோக்காரர் காயாமல் இருந்த பதினோரு வருஷம்

ஸ்டூடியோக்காரர் பதினோரு வருஷமும் நான்கு மாதமும் காயாமல் இருந்தார். மழையில் நனைந்ததாலும் இல்லை, வியர்வையாலும் இல்லை. அவர் மேல் இருந்தது மை. கன்னத்தைத் தொட்டால் மாநிறம் கையோடு வரும், மீசையைத் தொட்டால் கறுப்பு வரும். எந்தச் சட்டை போட்டாலும் அரை மணி நேரத்தில் ஒரு நீலம் உள்ளிருந்து ஊறி வெளியே வந்துவிடும். தோல் டாக்டர்கள் மூன்று பேர் பார்த்தார்கள். மூன்று பேரும் கோட்டை மாற்றிக்கொண்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்கள். இதற்குக் காரணம் அவருடைய மைத்துனிதான் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவளிடம் போய் யாரும் எதுவும் கேட்கவில்லை. பாதிப் பேருக்குப் பயம். மீதிப் பேருக்கு, உள்ளதைச் சொல்வதென்றால், சந்தோஷம்.

மைத்துனியை வீட்டில் சின்னவள் என்பார்கள். நாற்பத்தைந்து வயதிலும் அவள் சின்னவள்தான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அக்காள் கணவரின் ஸ்டூடியோவில், பின்பக்க அறையில், பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தாள். மணப்பெண்களின் பருக்களை அழிப்பது, மாமனார்களின் வழுக்கையில் அடிக்கும் ஒளியைக் குறைப்பது, வந்த படங்களை அளவாக வெட்டுவது எல்லாம் அவள் வேலை. காலையில் முதல் பேருந்தில் வருவாள். அதில் தூங்கிக்கொண்டே வேலைக்குப் போகிறவர்களை ஒரு சின்ன கேமராவில் எடுப்பாள். ஏழு வருஷம் எடுத்தாள். ஆயிரக்கணக்கில் எடுத்ததில் அவளுக்கே பிடித்தவை நாற்பது. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாததால் அவற்றை ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் ‘சொந்தம்’ என்று பேர் போட்டு வைத்திருந்தாள். அங்கேதான் தவறு செய்தாள். ஸ்டூடியோக்காரர் ஒரு நாள் அதைத் திறந்து பார்த்தார். அவர் மோசமான போட்டோகிராபர் இல்லை. அறுபது உறவினர்களை ஒரே நேரத்தில் கேமராவைப் பார்க்க வைக்கத் தெரிந்தவர். ஆனால் அவர் எடுத்த எந்தப் படத்தையும் யாரும் இரண்டாவது தடவை பார்த்ததில்லை. நாற்பதையும் பிரிண்ட் எடுத்தார், ஓரத்தில் தன் கையெழுத்தைப் போட்டார், போட்டிக்கு அனுப்பினார். பரிசு கிடைத்தது. நகரமன்றம் நாற்பதையும் வாங்கித் தன் மாடிக் கூடத்தில் வரிசையாக மாட்டியது.

குடும்பமே கூடிச் சாப்பிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னவள் அதைக் கேட்டுவிட்டாள். ஸ்டூடியோக்காரர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்தார்.

“லேப்ல பேப்பர் வெட்டுவா. குறை சொல்லக் கூடாது, நல்லாவே வெட்டுவா. போட்டோ எடுக்கறதுக்குக் கண்ணு வேணும்மா.”

மேஜையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் சிரித்தார்கள். அக்காள் சிரிக்கவில்லை, எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றினாள். அதே பேருந்தில் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் படம் எடுப்பதை எத்தனையோ காலைகளில் பார்த்தவள் அவள். வக்கீல் ஒருவரைப் பார்த்தபோது, கம்ப்யூட்டர் ஸ்டூடியோவுடையது, சம்பளம் ஸ்டூடியோவுடையது, ஆகவே படமும் ஸ்டூடியோவுடையதுதான் என்று முடித்துவிட்டார். சின்னவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. நாலு பேர் முன்னால் அந்த மனுஷன், இது அவள் எடுத்தது என்று சொல்ல வேண்டும்.

பழி வாங்க நினைப்பவர்கள் பொதுவாகக் கத்தி, மொட்டைக் கடிதம் என்று போவார்கள். இவள் நாற்பத்து நான்கு அங்குல இங்க்ஜெட் பிரிண்டர் வாங்கப் போனாள். தன்னிடம் மிச்சமிருந்த பென் டிரைவிலிருந்து நாற்பது படங்களையும் ஆளுயரத்துக்கு அடித்து நிறுத்தினால், நகரமன்றத்தில் தொங்குபவை தபால்தலை மாதிரி ஆகிவிடும் என்பது கணக்கு. நான்கு கடை ஏறினாள். எல்லாக் கடையிலும் ஒரே படத்தைத்தான் கொடுத்தாள். ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்துத் தூங்கும் ஒரு காவலாளி. பிரிண்ட் வந்ததும் முகத்தைப் பார்க்க மாட்டாள். தாடைக்குக் கீழே இருக்கும் இருட்டைப் பார்ப்பாள். முதல் கடையில் அந்த இருட்டு கரிக்கட்டியாக வந்தது. இரண்டாவது கடையில் டை இங்க், அதாவது சாயம் கரைத்த மை. பளபளவென்றுதான் இருந்தது, ஆனால் வெயில் பட்டால் சில வருஷங்களில் வெளுத்துவிடும் என்பதைக் கடைக்காரர் மூன்றாவது தடவை கேட்ட பிறகு ஒப்புக்கொண்டார். மூன்றாவது கடையில் இருபத்து நான்கு அங்குல மிஷினைக் காட்டி, “வீட்டுக்கு இதுவே தாராளம் மேடம்” என்றார்கள். வீட்டுக்கு இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கினாள். நான்காவது கடையில் பன்னிரண்டு பிக்மென்ட் மைகள். அந்த மை பொடியாக அரைத்த நிறம், காகிதத்தில் உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்காது. அங்கே அடித்த பிரிண்டில் காவலாளியின் காலர் தையல் இருட்டுக்குள்ளே தெரிந்தது. மிஷினை ஓட்டிக் காட்டியவர் நேர்மையானவர்.

“வாங்கிட்டு மூடி மட்டும் வெச்சிடாதீங்க மேடம். வாரத்துக்கு ரெண்டு தடவையாவது ஓட்டணும். இல்லேன்னா மை பீச்சற ஹெட் அடைச்சுக்கும்.”

“ஓட்டறதுக்குத்தான் வாங்கறேன்” என்றாள்.

மிஷின் வாசல் வழியாக நுழையவில்லை. ஜன்னலைச் சட்டத்தோடு கழற்றி ஆறு பேர் உள்ளே இறக்கினார்கள். கூடத்தில் பிரிண்டர், சமையலறையில் கட்டில் என்று வீடு மாறியது. ஆறு மாதத்தில் ஊரில் இருந்த போட்டோகிராபர்கள் பெரிய படம் என்றால் அவளிடம்தான் வந்தார்கள். அவள் ஆசைப்பட்ட நாற்பதும் ஆளுயரத்தில் வெளிவந்து சுவரோரம் நின்றன. பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தை சொன்னார்கள். அத்தான் எடுத்ததைச் சூப்பராக அடித்திருக்கிறீர்கள் என்றார்கள். அன்றிலிருந்து அவளுக்கு வந்த கோபம் முன்பு வந்தது போல இல்லை. அது பேச்சை நிறுத்திக்கொண்டு வேலை செய்யும் கோபம்.

அப்போதுதான் அக்காள் ஒரு பென் டிரைவோடு வந்து நின்றாள்.

“அவருக்குப் பாராட்டு விழாவாம். மேடையில வைக்க ஆளுயரத்துக்கு ஒரு படம் வேணுமாம். உன் மிஷின்லதான் வரும்னாங்க.”

“அத்தானே சொன்னாரா?”

“காசு குடுத்தா அடிக்க மாட்டாளான்னு சொன்னார்.”

“அடிக்கறேன்” என்றாள் சின்னவள்.

நல்ல பருத்திக் காகிதத்துக்கு ஒரு பக்கத்தில்தான் மையை வாங்கிக்கொள்ளும் பூச்சு இருக்கும். இரண்டு பக்கமும் பார்வைக்கு ஒரே வெள்ளை. அதனால் அந்தத் தொழிலில் இருக்கிற யாரும் வெட்டின காகிதத்தின் மூலையை உதட்டில் ஒற்றிப் பார்க்காமல் மிஷினில் போட மாட்டார்கள். லேசாக ஒட்டிக்கொள்ளும் பக்கம்தான் சரியான பக்கம். பேப்பருக்கு முத்தம் கொடுக்கிற கூட்டம் என்று அவர்களைக் கேலி செய்வதும் உண்டு. அன்றைக்குச் சின்னவள் காலையிலிருந்தே உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த மனுஷனின் முகத்தை ஆறடிக்குத் திரையில் விரித்து, கண்ணுக்குக் கீழே இருந்த பையைக்கூட அழகாகக் குறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள், உதட்டைத் திறக்கவே இல்லை. காகிதம் தப்பான பக்கத்தில் போயிற்று. நாற்பது நிமிஷம் கழித்து வெளியே வந்த படத்தில் வலது கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்தாள். ரேகையெல்லாம் அவள் விரலோடு வந்துவிட்டது. உள்ளே இறங்க வழியில்லாத மை மேலேயே நின்றது. கிழித்துப் போட்டு வேறு அடிக்கலாம் என்று கிளிப்பில் மாட்டி வைத்தாள்.

மறுநாள் காலை அக்காளிடமிருந்து போன் வந்தது. அவர் தொட்ட இடமெல்லாம் கலர் ஒட்டுகிறது, தலையணை முழுக்க முகம், போனைத் திறக்கக் கட்டைவிரலை வைத்தால் திறக்க மாட்டேன் என்கிறது, விரலில் ரேகையே இல்லை என்றாள். சின்னவள் போனைக் காதில் வைத்தபடியே கிளிப்பில் தொங்கிய படத்தைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு, அந்தப் படத்தைக் கிழிக்க வேண்டாம் என்று முடிவு செய்தாள்.

ஆளுயரப் படம் இல்லாமலே நடந்த பாராட்டு விழாவில் நகரமன்றத் தலைவர் அவருக்குக் கைகொடுத்தார். பதினைந்து நாள் தலைவரின் உள்ளங்கை சிவப்பாக இருந்தது. பிறகு வருஷங்கள் ஓடின. அக்காள் வீட்டில் சோபா, கட்டில், கதவுப் பிடி எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை வந்தது. ஈர மையில் தூசி ஒட்டும் என்பது தொழிலில் பாலபாடம். ஸ்டூடியோக்காரர் மேலும் ஒட்டியது. மாலையானால் பஞ்சு, முடி, சின்னப் பூச்சிகள் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வீட்டுக்கு வருவார். அவற்றை இடுக்கியால் எடுப்பது அக்காளின் வேலையாயிற்று. மழைக்காலத்தில் அவர் வெளியே வரவில்லை. மணமக்களின் தோளைப் பிடித்து நேராக நிறுத்த முடியாததால் கல்யாண வேலை போனது. பேரக் குழந்தைகளைத் தூக்க அவரே பயந்தார். ஒவ்வொன்றையும் யாராவது வந்து சின்னவளிடம் சொல்வார்கள். அவள் கேட்டுக்கொள்வாள், ருசித்துக் கேட்டுக்கொள்வாள், பிறகு மிஷினுக்குத் திரும்புவாள்.

இரண்டாம் வருஷம் அக்காள் வந்து அழுதாள்.

“ஒரு தடவை சரியாப் போட்டு அடிச்சுக் குடுத்திடேன். உனக்கு முக்கால் மணி நேர வேலை.”

“அவருக்கு ஒரு நிமிஷ வேலைக்கா. யார் எடுத்ததுன்னு சொல்லச் சொல்லு.”

“அவர் சொல்ல மாட்டார்டி. உனக்குத் தெரியாதா?”

“நீ சொல்லலாமே. பஸ்ல நீயும் என் பக்கத்துலதானே இருந்தே.”

அக்காள் எழுந்து போனாள். அதன் பிறகு ஒன்பது வருஷம் இருவரும் பேசவில்லை. சின்னவளுக்கு அதில் வருத்தம் இருந்தது. இல்லை என்று அவளே சொல்லிக்கொண்டிருந்தாலும் இருந்தது. ஆனாலும் படத்தைக் கிளிப்பிலிருந்து எடுக்கவில்லை.

காயாத மை குறையாத மை இல்லை. நாற்காலிகளிலும் துண்டுகளிலும் ஊரார் கைகளிலும் ஒட்டிப் போனது போக, அவர் வருஷத்துக்கு வருஷம் வெளுத்தார். கிளிப்பில் தொங்கிய படமும் அதே அளவுக்கு வெளுத்தது. பதினோராம் வருஷம் அவர் காலைக் கண்ணாடியில் தன் மூக்கைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மனைவி பக்கத்தில் நின்று, “என்னங்க, எங்க இருக்கீங்க?” என்று அறையைச் சுற்றிப் பார்த்த அன்று, சாப்பிடாமல் கிளம்பினார். பேருந்தில் ஏறி நகரமன்றத்தில் இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மாடிக் கூடத்தில் கூட்டம் இருந்தது. ஒவ்வொரு படத்தையும் சுவரிலிருந்து இறக்கி, கண்ணாடியைக் கழற்றி, தன் பழைய கையெழுத்தை உள்ளங்கையால் பூசி மறைத்தார். பிறகு ஆட்காட்டி விரலால், ஓரத்து வெள்ளையில், மைத்துனியின் முழுப்பெயரை எழுதினார். பள்ளிச் சான்றிதழில் இருந்த பெயர். வீட்டில் பலருக்கு அது மறந்தே போயிருந்தது. அந்தக் காகிதங்கள் சரியான பக்கத்தில் இருந்ததால் மை உடனே உள்ளே இறங்கிக் காய்ந்துவிட்டது. தடுக்க வந்த காவலரிடம், “இது நான் எடுத்ததில்ல. அவ எடுத்தது. விடுங்க, இன்னும் இருக்கு” என்றார். அதைக் கூட்டத்தில் நாற்பது ஐம்பது பேர் கேட்டார்கள். முப்பத்தோராவது படத்தில் கறுப்பு தீர்ந்தது. அடுத்த ஏழில் நீலத்தில் எழுதினார். கடைசி இரண்டில் பெயர் வெளிர் மஞ்சளில் இருக்கிறது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் தெரியும்.

அங்கிருந்து நடந்தே சின்னவள் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றவரை அவள் முதலில் வெறும் சட்டை என்று நினைத்தாள். விஷயம் அவருக்கு முன்பே போனில் வந்துவிட்டிருந்தது. உட்காரச் சொல்லவில்லை. எப்படி இருக்கீங்க என்றும் கேட்கவில்லை. கிளிப்பிலிருந்து காகிதத்தை இறக்கினாள். அதில் ஒரு காலர் நிழலைத் தவிர எதுவும் மிச்சமில்லை. அதையே திருப்பினாள், மூலையை உதட்டில் ஒற்றினாள், ஒட்டிக்கொண்டது. மிஷினில் கொடுத்துவிட்டுத் திரையின் முன் கொஞ்ச நேரம் யோசித்தாள். பதினோரு வருஷக் கோபம் நாற்பது தடவை எழுதின ஒரு பெயரில் தீர்ந்துவிடுமா? தீரவில்லை. மெதுவாக ஒரு கட்டத்தில் டிக் அடித்தாள்.

ஸ்டூடியோக்காரர் தலையிலிருந்து பாதம்வரை, வரி வரியாக, நாற்பது நிமிஷத்தில் காய்ந்தார். கறுப்பு வெள்ளையில் காய்ந்தார். சாம்பல் நிறக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கண்ணாடி கேட்டார், தொழில்காரர் கண்ணோடு தன்னை ஒரு நிமிஷம் பார்த்தார்.

“டோன் நல்லா வந்திருக்கு” என்றார். 

சாயங்காலம் ஒன்பது வருஷம் கழித்து அக்காள் போன் செய்தாள்.

“ஏண்டி, கலர்ல போட்டிருக்கக் கூடாதா?”

“கலர்ல வேணும்னு அவர் சொல்லலையேக்கா.”

அக்காள் சிரித்துவிட்டாள். ஸ்டூடியோக்காரர் அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் இருந்தார். குடும்பப் படங்களில் எல்லோரும் கலரில் இருப்பார்கள், அவர் மட்டும் நடுவில் கறுப்பு வெள்ளையில் இருப்பார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த போட்டோகிராபர்கள் முதல் தடவை அதைச் சரிசெய்யப் பார்ப்பார்கள். விடுங்க, அவர் அப்படித்தான் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அவர்களும் விட்டுவிடுவார்கள்.