உலகுடையாள் மடையில் உட்கார்ந்த வாரம்

பொன்னழகு அக்கா எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்தது முட்டை விற்க. அறுபத்தேழாம் வருஷம், புரட்டாசி மாதம். ஒக்கூர்ப் பக்கம் குருந்தேந்தல் என்ற சின்ன ஊர் அவருக்கு. சந்தை நாளன்று பஸ் ஏறிக் காரைக்குடிக்கு வருவார். சந்தையில் விற்றது போக மிஞ்சியதை எங்கள் செக்காலைப் பகுதியில் வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மூணு மணி பஸ்ஸில் திரும்புவார்.

அன்று நான் மாமிக்குத் தொடர்கதை படித்துக்கொண்டிருந்தேன். என் மாமியார் ரஹீமாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. என் வீட்டுக்காரர் அமீர் ஹம்சா பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் இருந்தார். எனக்கு இருபத்து நாலு வயது. எட்டாவது வரை படிப்பு. வெளியே போவதென்றால் துப்பட்டி போட்டுக்கொண்டு மாமியோடுதான் போக வேண்டும், அதுவும் கல்யாண வீடு, சாவு வீடு, ஆஸ்பத்திரி. பக்கத்து வீட்டு சுபைதா வாரப்பத்திரிகை வாங்குவாள். அவள் படித்து முடித்து எங்களுக்குத் தருவதற்குச் சந்தை நாள் ஆகிவிடும். கைக்கு வந்ததும் நான் ஒரு தடவை கூட முன்னாலேயே பார்த்துக்கொள்ளாமல் அப்படியே சத்தமாகப் படிக்க ஆரம்பித்துவிடுவேன். நடப்பது எனக்கும் மாமிக்கும் ஒரே நேரத்தில்தான் தெரிய வேண்டும் என்பது எங்களுக்குள் பேச்சு.

கதை பாண்டிய நாட்டின் ஒரு மூலையில் இருந்த சின்னக் கோட்டையைப் பற்றியது. அதன் தலைவன் போரில் செத்துப்போகிறான். அவன் மகள் உலகுடையாள், பத்தொன்பது வயதுக்காரி, கோட்டைச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொள்கிறாள். அன்றைய பகுதியில் எதிரியின் தூதன் வந்து சாவியைக் கேட்கிறான். அதோடு 'தொடரும்' போட்டுவிட்டார்கள்.

நிமிர்ந்து பார்த்தால் வாசலில் ஓர் அம்மாள் தலையில் கூடையோடு நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"அந்தப் புள்ள சாவியக் குடுத்துச்சா, குடுக்கலையா?" என்று கேட்டார்.

"அடுத்த வாரந்தாக்கா தெரியும்."

"அது வரைக்கும் எப்புடிப் பொறுக்குறது?"

மாமி சிரித்துவிட்டார். "நாங்க பொறுக்கலையா? கூடைய எறக்கிட்டு உக்காரு. முன்கதைய இவ சொல்லுவா."

அன்றைக்கு அவருக்கு மூணு மணி பஸ் தவறிப்போனது.

அதற்குப் பிறகு ஒரு சந்தை நாளும் அவர் தவறவில்லை. மற்ற வீடுகளை முடித்துவிட்டுக் கடைசியாக எங்களிடம் வருவார். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கதை கேட்பதில் எங்களை விடக் கெட்டிக்காரர். கோட்டையை முற்றுகை போட்ட பகுதியில் என்னை நிறுத்தி, "உள்ள முந்நூறு பேரு இருக்காகளே, தண்ணி எங்குட்டு இருந்து வருது?" என்று கேட்டார். நான் பின்னால் போய்த் தேடினேன். எங்கேயும் இல்லை. "கெணறு வெட்டாமக் கோட்டையக் கட்டிட்டாரு எழுதுறவரு" என்றார்.

அவருக்குத் தண்ணீர் ஞாபகம் இருந்ததற்குக் காரணம் இருந்தது. புருஷன் பாம்பு கடித்து இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. கண்மாய்க்குக் கீழே கடைசியில் ஒரு ஏக்கர் இருபது சென்ட் நஞ்சை. அதற்கு மேல் வயல் புருஷனின் அண்ணன் தங்கச்சாமியுடையது. தன் வயல் நிறைந்ததும் அவர் மடையை அடைத்துவிடுவார். "நெலத்த எங்கிட்ட விட்டுட்டு என் வீட்டுல ஒரு மூலையில கஞ்சியக் குடிச்சுக்கிட்டுக் கெட" என்று நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊரில் அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. இதையெல்லாம் அக்கா அழுதுகொண்டு சொல்லவில்லை. முட்டை விலை சொல்கிற மாதிரித்தான் சொன்னார்.

உலகுடையாளை அவர் 'உலகு' என்பார். "உலகு இந்த வாரம் என்ன பண்ணுனா?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார். மதில் மேல் அவள் மழையில் நின்றே காவல் காத்த வாரத்தில், "சளி புடிச்சுருக்கும் அவளுக்கு" என்றார். ஆனால் கண் பளபளவென்று இருந்தது. எனக்கும் அப்படித்தான். பகலில் அரிசி களையும்போதும், பினாங்கில் இருந்த மச்சானுக்குக் கடிதம் எழுதும்போதும், அவள் என் கூடவே நடமாடுவது போல இருக்கும். தெரு முனை வரை தனியாகப் போகாத நான், மனசுக்குள் குதிரை ஏறிக்கொண்டிருந்தேன்.

மார்கழி மாதம் ஒரு சந்தை நாள். அக்கா வந்தபோது முகம் கறுத்துப்போயிருந்தது. பயிர் கதிர் வாங்குகிற நேரம். பத்து நாளாக மடை அடைத்திருக்கிறது. வயல் வெடிக்க ஆரம்பித்துவிட்டது.

"இந்த வருசத்தோட விட்டுரலாம்னு இருக்கேன் தாயி. அவுக வீட்டுக்கே போயிர்றேன். சரி, நீ படி. அதையாச்சும் கேட்டுட்டுப் போறேன்."

நான் பத்திரிகையைப் பிரித்தேன். முதல் இரண்டு பத்தி சத்தமாகப் படித்தேன். மூன்றாவதில் வாய்க்கு முன்னால் கண் ஓடியது. உலகுடையாள் வாளைக் கொண்டுபோய்க் கோயிலில் வைக்கிறாள். பட்டத்து இளவரசன் கையைப் பிடித்துக்கொண்டு, பெண்ணுக்கு அந்தப்புரமே அழகு என்று சொல்கிறாள். பக்கம் முழுவதும் கல்யாணப் படம்.

அக்கா முழங்காலைக் கட்டிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அதைப் படிக்க நாக்கு எழவில்லை. பிறகு பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, அதில் இல்லாததைப் படித்தேன்.

எதிரிகள் மலைக்கு மேலே ஓடையை அடைத்துவிட்டார்கள் என்று படித்தேன். கோட்டைக்குள் குழந்தைகள் தண்ணீர் கேட்டு அழுதன என்று படித்தேன். உலகுடையாள் படையைக் கூட்டவில்லை; விடிவதற்கு முன் தனியாகப் போய், அடைத்த மடையைத் திறந்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். வாளை உறையிலிருந்து எடுக்கவில்லை. 'நான் எழுந்திருக்க மாட்டேன்' என்று மட்டும் சொன்னாள்.

"எந்திரிச்சாளா?" என்றார் அக்கா.

"தொடரும்னு போட்டுருக்கு."

அக்கா கூடையை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த சந்தை நாளில் அவர் வரவில்லை. அதே ஊர்க்காரி ஆயி என்பவள் கீரை விற்றுக்கொண்டு வந்தாள். அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். கேட்ட வேகத்துக்கு அவள் கொட்டிவிட்டாள்.

"அவளுக்கு என்ன பேய் புடிச்சுச்சோ! மடைப் பலகையத் தூக்கிவிட்டுட்டு அது மேல உக்காந்துட்டா. ரெண்டு நாளு. ஊரே கூடிச் சொல்லியும் எந்திரிக்கல. தங்கச்சாமி வந்து இழுத்தாரு, கரையில இருந்து உருண்டு அவ கை ஒடிஞ்சு போச்சு. பலகைய ஒடைச்சுட்டான்னு அவரே போலீசுலயும் எழுதிக் குடுத்துட்டாரு. இன்னைக்கு டேசனுக்கு வரச் சொல்லிருக்காக. ராஜி பண்ணி வெரல் வாங்குறதாப் பேச்சு."

உள்ளே போய் மாமியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாசலில் ஆயி சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது.

மாமியே பேசினார். "சுபைதா எங்கிட்டச் சொன்னா, அந்த வாரம் அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம்னு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீ சொன்னது நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா கை அவளுக்குல்ல ஒடிஞ்சிருக்கு" என்றார் மாமி. பிறகு, "துப்பட்டிய எடு. எனக்கும் எடு. தனியா உன்ன விட முடியாது" என்றார்.

மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒக்கூர் பஸ் ஏறினேன். இறங்கி இரண்டு பேரிடம் வழி கேட்டேன். அந்நிய ஆம்பளையிடம் நானாக முன்னால் போய்ப் பேசியது அன்றுதான்.

ஸ்டேஷன் வராந்தாவில் அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். இடது கை பழைய சேலைத் துணியில் தொங்கியது. எங்களைப் பார்த்ததும் சுவரோரமாக நகர்ந்து இடம் விட்டார். பெஞ்சில் தங்கச்சாமி. பக்கத்தில் பத்திரம் எழுதுகிறவர் ஒருத்தர், மை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு. மேசையில் ஏட்டு.

"நீங்க யாரும்மா? இவளுக்கு என்ன வேணும்?" என்றார் ஏட்டு.

"முட்டை வாங்குறவுக" என்றார் மாமி.

ஏட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வந்தது நல்லதாப் போச்சு. சொல்லிட்டுப் போங்க இவளுக்கு. இனிமே மடையத் தொட மாட்டேன்னு ஒரு கைரேகை வச்சா முடிஞ்சுபோகும். காலையில இருந்து முரண்டு புடிக்கிறா."

"அந்தக் காகிதத்த நான் படிச்சுக் காட்டட்டுமா, ஏட்டையா?" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

தங்கச்சாமி எழுந்துவிட்டார். "எங்க குடும்ப விசயத்துல டவுன்காரிகளுக்கு என்ன வேலை?"

"படிக்கட்டும்யா. படிச்சா மை அழிஞ்சா போகும்?" என்றார் ஏட்டு.

முத்திரைத்தாளை வாங்கினேன். இந்தத் தடவை எழுத்துக்கு எழுத்து படித்தேன். மடையைப் பற்றி முதல் நாலு வரிதான். அதற்குக் கீழே, 'மேற்படி ஒரு ஏக்கர் இருபது சென்ட் நஞ்சையை என் கணவரின் மூத்த சகோதரர் தங்கச்சாமி அவர்களே பயிர் செய்து அனுபவித்துக்கொள்ள வேண்டியது. அதில் இன்று முதல் எனக்கு யாதொரு பாத்தியமும் இல்லை' என்று இருந்தது.

"இன்னொருக்காப் படி" என்றார் அக்கா.

இன்னொரு தடவை படித்தேன்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். "ஏட்டையா, நான் வெரல் வைக்க மாட்டேன். கேசு போடுறதுன்னாப் போட்டுக்கங்க. பலகைய நான் ஒடைக்கல, தூக்கித்தான் விட்டேன். இன்னும் அங்கதான் கெடக்கு, ஆள விட்டுப் பாருங்க."

ஏட்டு தாளை என்னிடமிருந்து வாங்கித் தானும் ஒரு தடவை படித்தார். தங்கச்சாமியை ஒரு பார்வை பார்த்தார். "இதுக்கு என் மேசைதான் கெடைச்சுச்சா உமக்கு? வேற எங்கயாச்சும் வச்சுக்கும்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

எதிரே தபாலாபீஸ். அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து தாசில்தாருக்கு மனு எழுதினேன். பினாங்குக்கு எத்தனையோ கடிதம் எழுதிய கை, தடுமாறவில்லை. அக்கா சொல்லச் சொல்ல எழுதி, அவருக்குப் படித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகுதான் ரேகை வைக்கச் சொன்னேன். கேஸ் எழும்பவில்லை, பலகை முழுசாக இருந்தது. இருபது நாள் கழித்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர் போய்ப் பார்த்து, கடைசி வயலுக்கும் முறைத்தண்ணீர் உண்டு என்று எழுதிவைத்துவிட்டு வந்தார். அதற்குள் பாதிப் பயிர் காய்ந்துவிட்டது. மிச்சத்தில் அவருக்கு நாலு மூட்டை நெல் தேறியது. கை கோணலாகத்தான் கூடியது.

கட்டுப் பிரித்த பிறகு அவர் வந்தபோது நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். அச்சில் இருந்தது கல்யாணம். மடையில் உட்கார்ந்தது நான் சொன்னது.

அக்கா வெகுநேரம் கையைத் தடவிக்கொண்டிருந்தார். "அவ உக்காரவே இல்லையா?"

"இல்லக்கா."

"நான் உக்காந்துட்டேனே தாயி. அவ உக்காந்தானு நெனச்சுத்தான் உக்காந்தேன்." எழுந்து போய்விட்டார். போகும்போது மாமியிடம் கூடச் சொல்லவில்லை.

மூணு சந்தை நாள் வரவில்லை. அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. நடந்ததையெல்லாம் மச்சானுக்கு எழுதினேன். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனதையும் மறைக்கவில்லை. ரொம்ப நாள் கழித்துப் பதில் வந்தது. 'உம்மாவும் கூட வந்தார்கள் அல்லவா? சரி. அந்த அம்மாளுக்கு இப்போது தண்ணீர் ஒழுங்காக வருகிறதா?' என்று மட்டும் அதைப் பற்றி எழுதியிருந்தார்.

நாலாவது வாரம் அக்கா வந்தார். வழக்கம் போலக் கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்தார்.

"நானும் யோசிச்சுப் பாத்தேன். நீ சொல்லிருக்காட்டி இந்நேரம் அவுக வீட்டு மூலையில கெடப்பேன். ஆனாலும் நீ செஞ்சது தப்புத்தான். எழுத்துத் தெரியாதவகிட்ட எழுதாததப் படிக்கலாமா? இனிமே அச்சுல உள்ளத அச்சுல உள்ளதுன்னு சொல்லு. உன் கதைய உன் கதைன்னு சொல்லு."

"சரிக்கா."

"இப்ப அந்தக் கல்யாணத்தப் படி. அதையும் கேக்கணும்ல."

சுபைதாவிடம் பழைய இதழ்களை வாங்கி வந்து, விட்ட இடத்திலிருந்து முற்றும் வரை படித்தேன். நாலு வாரக் கதை, ஒரே மூச்சில். இளவரசன் அரசனாகிறான். உலகுடையாள் மகன் பெறுகிறாள். எல்லாரும் வாழ்த்துகிறார்கள்.

அக்கா கடைசி வரை கேட்டார். "நல்ல எடத்துலதான் வாக்கப்பட்டிருக்கா. அதுல குத்தமில்ல. ஆனா அந்தக் கோட்டையில இருந்த முந்நூறு பேரு? அவுக என்ன ஆனாக? சாவி யாருகிட்ட இருக்கு?"

எழுதியவர் அதைச் சொல்லவில்லை. ஒரு கார்டு வாங்கி இந்தக் கேள்வியைப் பத்திரிகைக்கு எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை. இரண்டு சந்தை நாள் பார்த்துவிட்டு அக்கா சொன்னார்: "அவருக்குத் தெரியாது போல. நீதான் சொல்லேன்."

"இது அச்சுல இல்லக்கா. நான் சொல்றது."

"அதான் சொல்லிட்டியே. ஆரம்பி."

நான் தொண்டையைக் கனைத்தேன். உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது.

"இருங்கடி. அடுப்ப அணைச்சுட்டு நானும் வாரேன்."