காணாமல் போன ரோட்டர்

சாவியைத் திருப்பினால் இன்ஜின் கிர்ர் கிர்ர் என்று சுற்றுகிறது, உயிர் மட்டும் வரவில்லை. கார்க்காரருக்கு வந்ததே கோபம்! அந்தப் பழைய காரால்தான் தெருவில் அவருக்கு அந்தப் பெயர். போயும் போயும் இன்றைக்கா மக்கர் பண்ண வேண்டும்? மகள் வீட்டில் பேத்தி பிறந்திருக்கிறாள். தானே ஓட்டிப்போய் வாசலில் ஹாரன் அடிப்பேன் என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

மெக்கானிக் வந்து பானெட்டைத் திறந்தான். அவனுக்கு ஸ்பேனர் என்று பட்டப்பெயர்.

"பேட்டரி நல்லா இருக்கு சார். பெட்ரோலும் வருது." ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு இன்ஜின் மேல் வைத்து, "இப்ப சுத்துங்க" என்றான். பொறியே வரவில்லை.

கார்க்காரர் அவன் கையையே பார்த்தார். போன வாரம் சர்வீஸ் செய்தவன் இவன். "விக்கிறதா இருந்தா வண்டிய எனக்கே குடுத்துடுங்க சார்" என்று பல்லிளித்தவனும் இவன்தான். வேலியே பயிரை மேய்ந்துவிட்டதோ?

ஸ்பேனர் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பார்த்துத் திருதிருவென விழித்தான்.

"உள்ள ரோட்டரையே காணோம் சார்! பிளக்குக்கெல்லாம் கரண்ட பிரிச்சு விடுறதே அதுதான். மூடி கிளிப்பு மறுபடி ஒழுங்கா மாட்டியிருக்கு. தெரிஞ்ச கைதான் எடுத்திருக்கு."

"அந்தத் தெரிஞ்ச கை உன் கைதான்டா! வண்டி கெட்டுப்போச்சுன்னா அடிமாட்டு விலைக்குத் தள்ளிடுவேன்னு பாத்தியா?"

அவன் முகம் சுண்டிப்போனது. "வாய்க்கு வந்ததப் பேசாதீங்க சார். நேத்து சாயங்காலம்கூட ஓட்டிட்டு வந்தீங்க. பானெட்டத் திறக்கணும்னா வண்டிக்குள்ள இருக்குற லிவர இழுக்கணும். கார்ச் சாவி உங்க வீட்டு ஆணியில தொங்குது. நான் எப்படி எடுப்பேன்?"

கார்க்காரரின் சந்தேகம் போகவில்லை, வீட்டுப் பக்கம் திரும்பியது. வெளியூரில் எங்கே நிறுத்தினாலும் திருட்டுக்குப் பயந்து ரோட்டரைக் கழற்றி மனைவியின் கைப்பையில் போட்டுவிட்டுத்தான் நகர்வார். மழை பெய்தால் தான் நனையாமல் ஒதுங்கி நின்றுகொண்டு அவளைக் கழற்றி வரச் சொன்னதும் உண்டு.

அவள் வாசலில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"நீயா?"

"நான்தாங்க."

"கூடவே இருந்து குழி பறிச்சிட்டியேடி!"

"நேத்து தெரு முக்குல நான் கத்துனேன்னு எரிஞ்சு விழுந்தீங்களே, எதுக்குக் கத்துனேன்?"

"உனக்குத்தான் எதுக்கெடுத்தாலும் பயமாச்சே."

"சைக்கிள்ல குறுக்க வந்தாளே ஒரு பொண்ணு. என் சத்தத்துல நீங்க பிரேக் போட்டீங்க, அவ பொழச்சா."

"எந்தப் பொண்ணு?"

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி அவர் காதிலேயே விழுந்தது. ஸ்பேனர் தலையைக் குனிந்துகொண்டான். குறுக்கே வந்தவளை அவர் பார்க்கவே இல்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரோட்டரை எடுத்து நீட்டினாள். "இந்தாங்க. இனிமேலும் ஓட்டணும்னா நீங்களே மாட்டிக்குங்க."

அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு சாவியோடு சேர்த்து ஸ்பேனரின் கையில் கொடுத்தார்.

"மனசுல வச்சுக்காதப்பா. நீ மாட்டு. பேத்தியப் பாக்கணும், நீயே ஓட்டு."

பின்கதவைத் திறந்து மனைவியை ஏற்றி, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். சொந்தக் காரின் பின்சீட்டில் அவர் அதுவரை உட்கார்ந்ததே இல்லை.